வா என்று கட்டிய விளக்கு

எனக்கு இருட்டு என்றால் பயம். நாற்பது வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன். அடுப்பில் பால் பொங்கினாலும் நகர மாட்டேன். என் வீட்டுக்காரர் செல்போனில் லைட் அடித்துக்கொண்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அப்போது அவர் வாய் சும்மா இருக்காது. "கடலோரத்துல பொறந்தவளாம், கக்கூஸுக்குப் போவ தொண வேணுமாம்" என்பார். நானும் விட மாட்டேன். "மடுகரையில மாட்டோட பொறந்தவனுக்கு இன்னா தெரியும்" என்பேன். இதைச் சொல்லிச் சொல்லியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்படிப்பட்டவளைத்தான், மரத்தில் தொங்கிக்கொண்டு தூங்கலாம் வா என்று கூட்டிப்போனார். வில்லியனூரில் அவருக்கு ஒரு சின்ன டூவீலர் மெக்கானிக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனும் கையுமாகக் கிடப்பார். எங்கேயோ மலையில், யாரோ இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டிப் படுத்திருக்கிற வீடியோ. அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். ஒருநாள் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் பாராசூட் துணி, இரண்டு பட்டை, இரண்டு கொக்கி. "ஹேமக்" என்றார். நான் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏணைன்னு சொல்லு" என்றேன்.

அந்த வார்த்தை என் நாக்கில் வந்தது தப்பு. எங்கள் பக்கம் ஏணை என்றால் குழந்தையைப் போட்டு ஆட்டுகிற துணித் தொட்டில். அன்று சாயங்காலம் மடுகரையிலிருந்து என் மாமியார் போன் பண்ணியபோது இவர் வாயைத் திறந்து, "ஏணை வாங்கியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஒரே அழுகை. அம்மனுக்கு இது செய்கிறேன், அது செய்கிறேன் என்று வேண்டுதல். இவர் முகம் வெளுத்துப்போய் போனை என்னிடம் நீட்டினார். நான்தான் சொன்னேன், "எங்களுக்குத்தான் அத்த. நாங்க படுத்துக்க." அவங்க கேட்டாங்க, "இது இன்னா கர்மம்டி?"

நாங்கள் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

போவது என்று முடிவான பிறகு நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். கடைத்தெருவில் ஒரு பேன்சி ஸ்டோருக்குப் போய் சீரியல் செட்டு வாங்கினேன். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற தடி ஒயர் இல்லை. தலைமுடி மாதிரி செம்புக் கம்பி, அதில் அரிசி அரிசியாக எல்இடி பல்பு. பத்து மீட்டரும் சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். ஒரு முழம் மல்லிப்பூ எடைகூட இல்லை. பவர் பேங்கில் செருகினால் எரியும். "சாமி ரூமுக்காக்கா?" என்று கடைப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். இவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "சீரியல் செட்டு போட்டுத் தூங்க உனக்கு இன்னா மஞ்சத்தண்ணியா ஊத்துறாங்க?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். இருட்டி, இவர் குறட்டை விட்ட பிறகு ரகசியமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சுடிதார் துணிக்கு நடுவில் ஒளித்து வைத்தேன்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மலை இருக்கிற ஊருக்கு எங்கே போவது? பாகூர் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு இடம் இருக்கிறது என்று அவர் கடைக்கு வண்டி விடுகிற ஒருவர் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த இடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தார் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட வேண்டும். ரோட்டிலிருந்து நெல் வயலுக்கு நடுவே நேராக ஒரு வரப்பு போகும். அது முடிகிற இடத்தில் வாய்க்கால் கரை, கரையில் இரண்டு புங்க மரம். அதுதான் எங்கள் இடம். ரோட்டிலிருந்து பார்த்தால் நேர் வரப்புக்கு இடது கைப்பக்கம், கொஞ்சம் தள்ளி, கரும்புக் கொல்லை. அந்தக் கரும்பை ஒட்டி இன்னொரு வரப்பு. அதுவும் சுற்றிக்கொண்டு கடைசியில் எங்கள் மரத்துக்குத்தான் வரும். நேர் வரப்பிலிருந்து கரும்பு வரப்புக்குப் போக நடுவில் ஒரு குறுக்கு வரப்பு உண்டு. கரும்புக்குப் பின்னால் ஒரு மோட்டார் கொட்டாய்.

ரோட்டில் இறங்கும்போதே ஒரு செவலை நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. இவர் பிஸ்கெட் போட்டார். அவ்வளவுதான், சொந்தக்காரன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தது.

ஏணையைக் கட்டினோம். ஏறிப் படுத்தேன். கீழே விழுந்துவிடுவேனோ என்று கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம், பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது. மேலே புங்க இலை, அதற்கு மேலே வானம். இவர் என் பக்கத்தில் நின்று மெதுவாக ஆட்டிவிட்டார். அப்போதுதான் கொசு வந்தது. ஒன்று இரண்டு இல்லை, வயலே எழுந்து வந்த மாதிரி. கொசுவர்த்தி எங்கே என்றேன். இவர் தலையைச் சொறிந்தார்.

"எல்லாத்தையும் எடுத்தியே, இத மறந்துட்டியா? கொக்கி எடுத்தேன், பட்டை எடுத்தேன்னு பெருமையா சொன்னியே!"

"இருட்டறதுக்குள்ள பஜாருக்குப் போயிட்டு வந்துடறேன்டி. பரோட்டாவும் வாங்கியாறேன்."

"கொசுவர்த்தி இல்லாம வந்தன்னா நான் நடந்தே போயி பஸ் ஏறிடுவேன், சொல்லிட்டேன்!"

போனில் சார்ஜ் இல்லை என்று பவர் பேங்கில் போட்டுவிட்டு, என்னிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு போனும் என்னிடம். அவரிடம் வண்டிச் சாவியில் தொங்குகிற கட்டைவிரல் அளவு டார்ச் மட்டும். நாயும் அவர் பின்னாலேயே போனது. நான்தான் அனுப்பினேன். அதுவும் திட்டி அனுப்பினேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கரும்புக்காரர் வந்தார். லுங்கியும் தோளில் துண்டுமாக ஐம்பது வயசு ஆள். தனியாக ஒரு பொம்பளை மரத்தில் தொங்குவதைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, யாரு நீங்க?"

சொன்னேன். வீட்டுக்காரர் பஜாருக்குப் போயிருக்கிறார், காலையில் போய்விடுவோம் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கரும்பைக் காட்டினார்.

"இருங்க, இருங்க. அந்தக் கரும்பு வரப்பு பக்கம் மட்டும் போவாதீங்க. பன்னிக்குக் கம்பி கட்டியிருக்குது. பொழுது போனா மோட்டாரையும் கம்பியையும் ஒண்ணா போட்டுடுவேன். விடிஞ்சாதான் நிறுத்துறது."

"கம்பியில கரண்ட்டா?" என்றேன்.

"ஆமாம்மா. காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில பாதி கொல்லைய சாச்சிட்டுப் போவுது, இன்னா பண்றது?"

"தெரியாம யாராச்சும் போனா?"

"கொல்லையில வேல செய்யறவங்களுக்கு எல்லாம் தெரியும்மா. கம்பி கட்டுனா கூடவே சின்னதா ஒரு பல்பு தொங்கவுடுவாங்க. முட்டிக்காலு ஒசரத்துல பல்பு எரிஞ்சா கரண்ட்டு ஓடுது, கிட்ட வராதன்னு அர்த்தம். பல்பு இல்லன்னா ஓடல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நாந்தான் பல்பைக் கழட்டிட்டேன். ரோட்டுல போற கரண்ட்டு ஆபீசுக்காரங்க கண்ணுல பட்டுடுது. அதான் நேர்ல சொல்றேன். பாத்து இருங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது என் பயங்களில் இன்னொரு பயமாக மட்டும்தான் தெரிந்தது. நான் எதற்கு அந்தப் பக்கம் போகப்போகிறேன், ஏணையை விட்டே இறங்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இவர் நேர் வரப்பில்தான் போனார், அதிலேயே வந்துவிடுவார்.

இருட்டியது. ஊரில் இருட்டுவது வேறு. அங்கே தெரு லைட், கடை லைட், பக்கத்து வீட்டு டிவி வெளிச்சம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஒன்றுமில்லை. கைவிரல் தெரியவில்லை. கொட்டாயில் மோட்டார் ஓட ஆரம்பித்தது, அதன் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயம். கரும்புக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. முதுகில் ஏதோ உரசியது, என் சடைதான். அம்மா தாயே, அம்மா தாயே என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் தாங்க முடியாமல் பைக்குள் கைவிட்டு சீரியல் செட்டை எடுத்தேன்.

எங்கே கட்டுவது? ஏணையைக் கட்டிய பட்டைகள் மரத்திலிருந்து தாழ்வாக இழுபட்டு நின்றன. இவர் பரோட்டா பொட்டலத்தோடு இருட்டில் வந்து பட்டை தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, பட்டையை ஒட்டி முட்டிக்கால் உயரத்தில் கட்டினேன். மீதி இருந்ததை ஒரு குச்சியை நட்டு வரப்பு முடிகிற இடத்துக்குக் குறுக்கே இழுத்துவிட்டேன். பவர் பேங்கில் செருகினேன். மஞ்சள் மஞ்சளாக எரிந்தது. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. அந்த வெளிச்சத்தில் என் கை தெரிந்தது, வளையல் தெரிந்தது.

எங்கள் மீனவக் குப்பத்தில் விளக்கு என்றால் ஒரே அர்த்தம்தான். கரையில் கம்பம் நட்டு லைட் போட்டிருப்பார்கள். அப்பா தொழிலுக்குப் போன நாளில் கரண்ட் போய்விட்டால் பொம்பளைங்க எல்லாரும் ஓடிப்போய் டயரைக் கொளுத்துவார்கள். வெளிச்சம் தெரிகிற பக்கம் படகு வரும். விளக்கு என்றால் வா. இங்கே இருக்கிறோம், இந்தப் பக்கம் வா. அதைத்தான் நானும் கட்டினேன்.

ரோட்டில் வண்டி வெளிச்சம் வந்து நின்றது. அணைந்தது. சின்ன டார்ச் எரிந்தது. வந்துட்டார்! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சீரியல் செட்டைப் பார்த்து இன்னா சொல்லப்போகிறாரோ என்று பதில்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன்.

டார்ச் நேர் வரப்பில் வந்தது. கொஞ்ச தூரம் வந்து நின்றது. நின்றது என்றால், சட்டென்று நின்றது. ஏன் நிற்கிறார்? பாம்பா? என் போனில் லைட்டைப் போட்டு தலைக்கு மேலே ஆட்டினேன். "யோவ், வாய்யா!" என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டார்ச் இரண்டடி பின்னால் போனது. பிறகு திரும்பியது. குறுக்கு வரப்பில் இறங்கி கரும்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் என் மண்டையில் இடி இறங்கியது. மடுகரையில் கொல்லையும் கழனியுமாக வளர்ந்த மனுஷன். முட்டிக்கால் உயரத்தில், வரப்புக்குக் குறுக்கே, வரிசையாகப் பல்பு. அவர் கண்ணுக்கு அது என்னவென்று தெரியும்? கம்பி. கரண்ட் ஓடுகிற கம்பி. கிட்ட வராதே. நான் 'வா' என்று கட்டியது அவருக்கு 'வராதே' என்று எரிந்துகொண்டிருந்தது. கரும்புப் பக்கம் பல்பே இல்லை. பல்பு இல்லை என்றால் கரண்ட் இல்லை. நிஜக் கம்பியைப் பார்த்து மனுஷன் தைரியமாக நடந்துகொண்டிருந்தார்.

அணைத்துவிடலாம் என்று பவர் பேங்கில் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. அணைத்தால் இன்னா நினைப்பார்? கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார். கரண்ட் போய்விட்டால் எந்தக் கம்பியையும் மிதிக்கலாமே! எரிந்தால் சுற்றிப்போய்ச் சாவார், அணைத்தால் மிதித்துச் சாவார். மினுக்க விடலாமா? அதற்கும் ஒரு பட்டன் இருந்தது. மினுக்கினால் லூஸ் கனெக்‌ஷன் என்று நினைப்பார், மெக்கானிக் புத்தி. ஐயோ கடவுளே, நான் எதைச் செய்தாலும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு வேறு எதையோ சொல்கிறதே! அந்த இடத்தில் நின்று நான் ஓவென்று அழுதேன்.

எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. கம்பி வேலி நடக்காது. அவ்வளவுதான் தோன்றியது. நடந்தால் அது வேலி இல்லை.

பிடுங்கினேன். நட்ட குச்சியோடு சேர்த்துப் பிடுங்கினேன். கழுத்தில், தோளில், கையில் என்று கிடைத்த இடமெல்லாம் சுற்றிக்கொண்டேன். பவர் பேங்கை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். நான்கு அடி ஓடியதும் வழுக்கி வயலுக்குள் விழுந்தேன். எழுந்தேன். இனி வரப்பு எதற்கு என்று நெல்லுக்குள்ளேயே அந்த டார்ச்சைப் பார்த்து நேராக ஓடினேன். பால் பிடித்த கதிர். யார் வீட்டுப் பயிரோ, என் காலில் மிதிபட்டது. மன்னிச்சிடு தாயே, மன்னிச்சிடு என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

பாதி வயலில் இருக்கும்போது ஒரு சத்தம். "வீல்" என்று ஒரே ஒரு சத்தம். மோட்டாரையும் மீறிக் கேட்டது. அதற்குப் பிறகு இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். போய்விட்டார் என்று நினைத்தேன். என் கால் நின்றிருக்க வேண்டும், ஆனால் நிற்கவில்லை. டார்ச் இன்னும் தெரிந்தது. அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ குனிகிற மாதிரி. அந்த வெளிச்ச வட்டத்தில் செவலையாக ஏதோ கிடந்தது. அதை நோக்கி ஒரு கை நீண்டது.

"தொடாத! யோவ், தொடாதய்யா! கரண்ட்டு!"

தொண்டை கிழிந்தது. அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்ல முடியாது, அவர் பார்த்தது என்னை இல்லை. நெல்லுக்கு மேலே மஞ்சள் மஞ்சளாக ஒரு உருவம் கத்திக்கொண்டு பறந்து வருகிறது. "யம்மா!" என்று ஒரு அலறல். இரண்டு எட்டு பின்னால் துள்ளி, நான் ஓடிவந்த பக்கம் வயலுக்குள் மல்லாக்க விழுந்தார். பரோட்டா ஒரு பக்கம், டார்ச் ஒரு பக்கம்.

நான் போய் அவர் மேலேயே விழுந்தேன். முகத்தைத் தொட்டேன், மார்பைத் தொட்டேன். மார்பு தடதட என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தடதட கையில் பட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இரண்டு கையாலும் அடித்தேன்.

"எங்கய்யா போன? உன்னை யாரு இந்தப் பக்கம் வரச் சொன்னது?"

"நீயாடி?" என்றார். "நீயா? மேல இன்னாடி இது?"

"சீரியல் செட்டு."

"சீரியல் செட்டா?"

"பயமா இருந்துச்சு, போட்டேன்!"

அவர் சேற்றில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். "வரப்புக்குக் குறுக்க பல்பு வரிசையா எரியுதுடி. எவனோ கம்பி கட்டிட்டான், நீ அதுக்குள்ள மாட்டிக்கினன்னு நெனச்சேன். லைட்டு வேற ஆட்டின. வராத, வராதன்னு சொல்றன்னு நெனச்சேன். நீ தெரியாம எறங்கி அதுல கால வச்சிட்டா? அதான் சுத்தி வந்து பின்னால இருந்து உன்னத் தூக்கிடலாம்னு ஓடியாந்தேன். ரோட்டுல காத்துக்கினு இருந்த நாயும் கூட வந்து முன்னாடி ஓடுச்சு. கத்துச்சு, வுழுந்துடுச்சு. பாம்புதான் கடிச்சிடுச்சின்னு..."

என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

விளக்கு ஓடியதைப் பார்த்துவிட்டுக் கரும்புக்காரர் வந்தார். டார்ச்சைக் கம்பியின் மேல் அடித்தார், நாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்பிக் கொட்டாய்க்கு ஓடினார். மோட்டார் நின்றது. ஊரே காது கேட்காமல் போன மாதிரி ஒரு அமைதி. திரும்பி வந்தவர், "பன்னிக்கு வச்சதும்மா" என்றார்.

"என் வூட்டுக்காரரு பன்னியாய்யா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. குப்பத்து வாய், முழுசாகத் திறந்துவிட்டேன். "விடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன். வெளிச்சம் வரும்போது இந்தக் கம்பி இங்க இருந்துச்சின்னா கரண்ட்டு ஆபீசுக்கும் போவேன், போலீசுக்கும் போவேன்." இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கரும்புக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. நாய் அவருடையதுதானாம். குட்டியிலிருந்து வளர்த்ததாம். குனிந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஏணையில் யாரும் படுக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தே இருந்தோம். விளக்கை என் கழுத்திலிருந்து அவர்தான் ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். முடியில் சிக்கியிருந்தது, நிதானமாக எடுத்தார். கேலி பண்ணவில்லை. கொசு பிய்த்தெடுத்தது, கொசுவர்த்தியைப் பற்றி நானும் பேசவில்லை. பொழுது விடியும்போது கரும்புக்காரரும் அவர் வீட்டம்மாவும் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போகும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் மிதித்த நெல்லும் அவருடையதுதான் என்று பிறகு தெரிந்தது. அதையும் அவர் கேட்கவில்லை.

அந்த சீரியல் செட்டு இப்போது எங்கள் மாடி வீட்டு பால்கனிக் கம்பியில் இருக்கிறது. பொழுது போனால் போட்டுவிடுவேன். கடையைச் சாத்திவிட்டு வருகிறவர் நேராக மேலே வர மாட்டார். கேட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்து, "வரலாமா?" என்று கேட்பார். நான் எட்டிப் பார்த்து, "வா" என்பேன். கீழ்வீட்டு அம்மா இதைப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்கு இந்த வயதில் இன்னா விளையாட்டு என்று சிரிக்கிறாங்க. சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் ஒருநாள் ஏதோ யோசனையில் கேட்காமலே மேலே வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பினால் வாசலில் நிற்கிறார். அந்த ஒரு நிமிஷம் அந்த வயலும், "வீல்" என்ற அந்தச் சத்தமும், கீழே இறங்குகிற டார்ச்சும் எல்லாம் ஒன்றாக வந்து என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. வாயில் வந்தபடி திட்டினேன். அவர் மறுபடி படியிறங்கிப் போனார். கேட்டுக்கு வெளியே போய் நின்று, மேலே பார்த்து, "வரலாமா?" என்றார்.

நான் பால்கனிக்குப் போனேன். விளக்குக்குக் கீழே அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாய்யா" என்றேன்.